தெரியாத காட்டில் வில்லோடு: ஒஹாயோ பொது நிலத்தில் முதல் மான் வேட்டை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில் வெய்ன் தேசியக் காடு பரந்து கிடக்கிறது. ஏதன்ஸ், மேரியட்டா, அயர்ன்டன் என மூன்று பகுதிகள், மொத்தம் ஏறக்குறைய 2,40,000 ஏக்கர். அக்கம்பக்கத்தில் ஸலெஸ்கி, ஷானி போன்ற மாநிலக் காடுகளும் உண்டு. வேட்டை உரிமமும் மான் அனுமதிச் சீட்டும் கையில் இருந்தால் போதும். எந்த நிலக்காரரிடமும் அனுமதி கேட்காமல், குத்தகை கட்டாமல், வில்லை எடுத்துக்கொண்டு வெள்ளைவால் மானைத் தேடி உள்ளே போகலாம். கொலம்பஸிலிருந்து 33-ஆம் எண் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நெல்சன்வில். அங்கிருந்து காடு தொடங்கிவிடும்.

இவ்வளவு இடம் திறந்து கிடப்பதுதான் புதியவருக்கு முதல் சிக்கல். இன்று ஒரு மலை, நாளை இன்னொரு மலை என்று அலைந்தே விடுமுறை முழுவதும் தீர்ந்துபோகும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கருக்கு மிகாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் காற்று எப்படிப் போகிறது, மான் எங்கே படுக்கிறது, எந்த மரத்தடியில் மேய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மீதிக் காட்டை மறந்துவிடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அதற்குள் வேலை செய்வதைப் பற்றித்தான்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு, மானை வேட்டையாடுவது சட்டப்படி சரியா என்ற கேள்வி வரும். இங்கே கதை வேறு. கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் 1904 வாக்கில் ஒஹாயோவில் மானே இல்லாமல் போனது. பிறகு மெல்ல மீட்டெடுத்து, 1943-இல் மூன்றே கவுண்டிகளில் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகள்) மறுபடி வேட்டைக்கு அனுமதித்தார்கள். இன்று 88 கவுண்டிகளிலும் மான் இருக்கிறது. ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத நிலத்தில் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதில் வேட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தால் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும், பிற்பாடு வில் சாமான்களுக்கும் விதிக்கப்பட்ட வரி, மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நீங்கள் வாங்கும் வில்லின் விலையிலேயே அந்தப் பங்கு இருக்கிறது.

காகித வேலை

இதை ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். முன்பு வேட்டை உரிமம் வைத்திருக்காதவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்றிதழைக் காட்ட வேண்டும். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. அப்புறம் வேட்டை உரிமம் தனி, மான் அனுமதிச் சீட்டு தனி, இரண்டும் வேண்டும். வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் பல மடங்கு கூடுதல் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள் சிலர் துப்பாக்கி தொடர்பான கூட்டாட்சிச் சட்டத்தை நினைத்துத் தயங்குவார்கள். வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது.

வில்லுக்கான பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரம் வரை ஓடும். காலையில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மாலையில் மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் அம்பு விடலாம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றைக்கு இந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். எந்த ஆயுதமானாலும், எந்தக் கவுண்டியானாலும், பருவத்துக்கு ஒருவர் ஒரேயொரு கொம்பு மானைத்தான் எடுக்கலாம். 3 அங்குலமோ அதற்கு மேலோ கொம்பிருந்தால் அது கொம்பு மான் கணக்கு. பிணை, அதாவது பெண் மான்களுக்கான வரம்பு கவுண்டிக்குக் கவுண்டி மாறும், பொது நிலத்துக்கென்று தனி விதிகளும் உண்டு. ஆண்டுதோறும் மாறுவதால் அந்த ஆண்டுக் கையேட்டை முழுசாகப் படியுங்கள். இரை போட்டு மானை வரவழைப்பது பொது நிலத்தில் தடை.

வில்லைப் பொறுத்தவரை, இழுவை எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, குறைந்தது 40 பவுண்டு இருக்க வேண்டும். குறுக்குவில் என்றால் 75 பவுண்டு. புதியவருக்கு 50 பவுண்டு காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த வில்) தாராளம். எடையைக் கூட்டுவதை விட, நடுங்காமல் இழுத்துப் பிடித்து அரை நிமிடம் நிற்கப் பழகுங்கள். குளிரில், தடித்த சட்டையோடு, உட்கார்ந்தபடி, உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பயிற்சி செய்யுங்கள். பயிற்சி முனையும் வேட்டை முனையும் எப்போதும் ஒரே இடத்தில் போய்த் தைக்காது. எனவே கடைசிச் சில வாரங்கள் வேட்டைக்கு வைத்திருக்கும் கூர்முனையைப் பொருத்தியே எய்து பாருங்கள். பத்து அம்பில் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 20 கெஜம். காட்டில் அதற்கு மேல் ஒரு கெஜமும் போகாதீர்கள்.

வீட்டிலிருந்தே துண்டைத் தேடுவது

வெய்ன் காடு ஒரே விரிப்பாக இல்லை. அரசு நிலத்துக்கு நடுவே தனியார் நிலங்கள் ஒட்டுப்போட்டதுபோல் கலந்து கிடக்கின்றன. ஒஹாயோவில் தனியார் நிலத்தில் வேட்டையாட எழுத்தில் அனுமதி வேண்டும். எனவே நில எல்லை காட்டும் கைபேசி வரைபடம் ஒன்று கட்டாயம். ஆன்எக்ஸ், ஹண்ட்ஸ்டாண்ட் இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. இந்தப் பள்ளங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய. உங்கள் துண்டின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும்.

இந்த நிலம் பனியாறுகள் எட்டாத நிலம். அதனால் ஒஹாயோவின் வடமேற்குச் சமவெளிபோல் இல்லாமல், கத்திபோல் ஒடுங்கிய முகடுகளும் செங்குத்தான சரிவுகளும், உள்ளூர்க்காரர்கள் ஹாலோ என்று சொல்லும் குறுகிய பள்ளங்களுமாக இருக்கும். உயரக்கோடு வரைபடத்தில் மூன்று அமைப்புகளைத் தேடுங்கள். முகடு திடீரெனத் தாழ்ந்து மறுபடி ஏறும் இடம் ஒன்று, மலையைக் கடக்கும் மான்கள் ஏற்றம் குறைந்த அந்த வழியாகத்தான் போகும். சரிவின் நடுவே படிக்கட்டு வெட்டியதுபோல் கிடக்கும் சமதளம் இரண்டாவது, அதன் நீளத்துக்கு மான் தடம் ஓடும். பள்ளம் தொடங்கும் தலைப்பகுதி மூன்றாவது. செங்குத்தான சுவரைத் தவிர்க்க மான்கள் அதன் விளிம்பைச் சுற்றி வரும்.

பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு வாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டிய இடம் வெளிர் பச்சையில் அடர்ந்து தெரியும். முள்ளும் கொடியும் இளமரங்களும் நெருக்கியடித்து வளர்ந்த அந்தப் புதர்தான் மானுக்குப் படுக்கையறை. பெரிய மரங்கள் மட்டும் உள்ள காடு நம் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பகலில் மான் அங்கே படுப்பது குறைவு. புதரும் ஓக் மரக்காடும் சந்திக்கும் விளிம்பு, அதற்குப் பக்கத்தில் மேலே சொன்ன மூன்று அமைப்புகளில் ஒன்று, இவை சேர்ந்து வரும் இடமே உங்கள் துண்டு.

மற்ற வேட்டைக்காரர்களையும் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எளிதாக நடக்கக்கூடிய முகட்டுப் பாதை எல்லாம் அவர்களுக்கானது. ஏதன்ஸ் பகுதியில் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளுக்கான பாதைகள் டிசம்பர் நடு வரை திறந்திருக்கும், சனிக்கிழமை அங்கே இரைச்சல் ஓயாது. நீங்கள் ஓடையைக் கடந்து, ஒரு செங்குத்தான ஏற்றம் ஏறிப் போகிற மாதிரி ஒரு வழியைத் தேடுங்கள். தூரம் மட்டுமே தீர்வு இல்லை. சாலையோரத்திலேயே, வண்டி நிறுத்த இடமில்லாததால் எல்லோரும் தாண்டிப் போய்விடும் சிறு மூலைகளில் நல்ல மான்கள் படுத்திருக்கும். இப்படி மூன்று துண்டுகளைக் குறித்துக்கொண்டு, நேரில் பார்த்த பிறகு இரண்டைக் கழித்துவிடுங்கள்.

நேரில் போய்ப் பார்ப்பது

முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வார இறுதி போய் வாருங்கள். இலை உதிர்ந்து கிடப்பதால் தடம், படுக்கை, போன பருவத்தில் கொம்பு உரசிய மரம் எல்லாம் தெளிவாகத் தெரியும். வேட்டை முடிந்த காலம் என்பதால் மானைக் கலைத்தாலும் நஷ்டமில்லை. படுக்கையில் நீங்களே குனிந்து உட்கார்ந்து, மான் இங்கிருந்து எதைப் பார்க்கும் என்று பாருங்கள். உங்கள் வேட்டை இடத்துக்கு எந்த வழியாக வரக்கூடாது என்பது அப்போது புரியும்.

ஆகஸ்டில் இன்னொரு முறை போக முடிந்தால், தொலைநோக்கியால் ஓக் மரங்களின் உச்சியைப் பாருங்கள். இந்தக் காட்டில் இலையுதிர் கால மான் நடமாட்டத்தில் பாதியை முடிவு செய்வது ஓக் கொட்டைதான். இலையின் மடல்கள் வட்டமாக இருந்தால் வெள்ளை ஓக், கூராக முள் முனையோடு இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது செப்டம்பர், அக்டோபரில் உதிரும்போது மான்கள் மற்றதை விட்டுவிட்டு அதைத் தேடி வரும். சிவப்பு ஓக் கொட்டை துவர்ப்பு மிகுந்தது, குளிர்காலத்துக்கு மிஞ்சிக் கிடக்கும். எல்லா மரமும் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. காய் தொங்கும் வெள்ளை ஓக் மரங்களை மட்டும் குறித்து வையுங்கள். பருவத்தில் திரும்பி வரும்போது அந்த மரத்தடியில் உடைந்த ஓடும் ஈரமான புழுக்கையும் இருந்தால், அன்று மாலையே அங்கே உட்காருங்கள். பழைய தடயத்தின் மேல் ஒரு வாரம் காத்திருப்பதை விடப் புதுத் தடயத்தின் மேல் ஒரு மாலை மேல்.

ஓடையோரம் கோடையில் செத்த மான்கள் தென்பட்டால் இ.எச்.டி. என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். சிறு கடிபூச்சிகளால் பரவும் அது முதல் கடும் உறைபனியோடு நின்றுவிடும், மனிதருக்குத் தொற்றாது. 2025-இல் ஏதன்ஸ் வட்டாரத்தில் அது கடுமையாகத் தாக்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் மாவட்ட வனவிலங்கு அலுவலகத்தைக் கூப்பிட்டு, மான் அதிகம் சாகாத பகுதி எது என்று கேட்டுத் துண்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வாரம் வருவது? ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் நவம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள் வாருங்கள். கிடா மான்கள் பிணைகளைத் தேடிப் பகலிலும் அலையும் காலம் அது. காலையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு இறங்காதீர்கள், நடுப்பகலிலும் வரும். முகட்டின் தாழ்வான இடம் இப்போதுதான் பொன்னாகும். அதற்குப் பிறகு நவம்பர் நடுவில் இளையோர் துப்பாக்கி வார இறுதி, நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தாங்ஸ்கிவிங் முடிந்த திங்கள் முதல் பெரியவர்களின் துப்பாக்கி வாரம். அந்த நாட்களில் வில்லோடு போகிறவரும் ஆரஞ்சு மேலாடை அணிய வேண்டும் என்பது சட்டம். மானுக்கு அந்த நிறம் நம்மைப் போல் பளிச்சென்று தெரியாது, தயங்காமல் அணியுங்கள்.

காற்று

மற்றதெல்லாம் சரியாக இருந்து இது தவறினால் மானைப் பார்க்கக்கூட மாட்டீர்கள். வெள்ளைவால் மானுக்கு மூக்குதான் உயிர். மணம் போக்கும் சோப்பும் தெளிப்பானும் ஓரளவுக்குத்தான் உதவும்.

வானிலை அறிக்கையில் மேற்குக் காற்று என்று போட்டிருக்கும். மலைக்குள் வந்து பார்த்தால் அது நான்கு பக்கமும் போகும். காரணம், இங்கே இரண்டு காற்றுகள் வேலை செய்கின்றன. ஒன்று வானிலையின் காற்று. மற்றொன்று மலையே உண்டாக்கும் காற்று. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்கும். காலையில் வெயில் சரிவில் விழுந்து மண் சூடான பிறகு அது மேல்நோக்கித் திரும்பும். மாலையில் சூரியன் மறையும்வரை காத்திருக்காது, சரிவில் நிழல் விழுந்ததுமே இறங்கத் தொடங்கிவிடும். கிழக்குச் சரிவில் இது மூன்று, நான்கு மணிக்கே நடக்கும்.

இதை மான் நம்மை விட நன்றாகப் பயன்படுத்துகிறது. முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப் பக்கம், கீழிருந்து ஏறும் சூடான காற்று முகத்துக்கு, முன்னால் சரிவு முழுவதும் கண்ணுக்கு. இப்படி, காற்று வீசும் திசைக்கு மறுபுறத்தில், சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில் கிடா மான் படுக்கும். அதனால் காலை வேட்டைக்கு மேலே, மாலை வேட்டைக்குப் பள்ளத்தின் வாய்ப்பக்கம் கீழே என்று பொதுவாக இடம் பிடிக்கலாம். ஆனால் பள்ளத்துக்கு உள்ளே, அடிமட்டத்தில், தடயம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். நான் அங்கே உட்காரச் சொல்ல மாட்டேன்.

காற்றைப் பார்க்கப் பொடிக் குப்பியை விடச் சிறந்தது மில்க்வீட் பஞ்சு. நம் ஊர் எருக்கஞ்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. சாலையோரங்களில் செப்டம்பர், அக்டோபரில் காய் வெடித்து நிற்கும். ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பரணிலிருந்து ஒரு பஞ்சை விட்டால் 60, 70 கெஜம்வரை மிதந்து போவதைக் கண்ணால் பின்தொடரலாம். 20 கெஜத்தில் நேராகப் போய், அங்கே ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பி, மான் வரும் தடத்தின் மேலேயே இறங்குவது அப்போதுதான் தெரியும். அப்படி இறங்கினால் எழுந்து இடம் மாறுங்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும்.

உள்ளே நுழையும் வழிக்கும் இதே விதிதான். விடியலுக்கு முன் மான்கள் மேயும் இடத்தைக் கடந்து போனால் வேட்டை அங்கேயே முடிந்தது. ஓடையின் தண்ணீரிலேயே நடந்து போவது சத்தத்தையும் மணத்தையும் குறைக்கும்.

பரண்

பொது நிலத்தில் கழற்றி எடுத்துப் போகக்கூடிய பரண்தான் சரி. மரத்தில் ஆணியோ திருகுப் படியோ அடிக்காதீர்கள். பட்டையால் கட்டும் ஏறுபடிகளும் இலேசான தொங்கு பரணும், அல்லது இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தில் சாயும் சேண அமைப்பும் முதுகில் சுமக்க ஏற்றவை. வில் வேட்டையில் பெரிய காயங்கள் வருவது பெரும்பாலும் மரத்திலிருந்து விழுந்துதான். தரையை விட்டு முதல் படியில் கால் வைக்கும் கணத்திலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை உடல் முழுவதையும் தாங்கும் பட்டியில் கட்டுண்டிருக்க வேண்டும். ஏறும்போதும் கட்டை அவிழ்க்காதீர்கள். வில்லை ஏறிய பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள், அம்புகள் முனை மூடிய கூட்டில் இருக்கட்டும். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 15 அடி உயரம் போதும். ஆஷ் மரமும் செத்த மரமும் வேண்டாம். ஆஷ் மரங்களைப் பூச்சி அரித்துப் பல இடங்களில் நின்றபடியே செத்துக் கிடக்கின்றன.

ஏறப் பிடிக்கவில்லை என்றால், விழுந்த மரத்தின் வேரடியில் சிறு முக்காலி போட்டு உட்காரலாம். தவறே இல்லை. உண்ணிகள் மட்டும் கவனம். கால்சட்டையில் பெர்மெத்ரின் பூச்சிமருந்து தெளித்துக் காயவைத்து அணியுங்கள், இரவில் உடம்பை முழுசாகப் பாருங்கள்.

அம்பும் அதற்குப் பிறகும்

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்க வேண்டும். உங்களை நோக்கி நின்றால் விடாதீர்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம், அங்கேதான் இரண்டு நுரையீரல்களும். மேலிருந்து எய்யும்போது அம்பு மறுபக்கம் எங்கே வெளிவரும் என்று யோசித்து நுழையும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இரண்டு நுரையீரலும் துளைபட்டால் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும்.

எய்த பிறகு அசையாதீர்கள். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட மரம் இரண்டையும் மனதில் பதியுங்கள். அரை மணி நேரம் கழித்து இறங்கி அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல், தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டுவிடுங்கள். பச்சையாகவும் நாற்றமாகவும் இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஒரு மைல் ஓடி எங்கோ வேதனையோடு சாகும், யாருக்கும் கிடைக்காது. ஓடையும் புதரும் எல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், கயிற்றில் கட்டிய தேடு நாயோடு வருபவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணை முன்பே வாங்கி வையுங்கள். தடம் தனியார் நிலத்துக்குள் போனால் வேலியில் நில்லுங்கள். உரிமையாளரைக் கேளுங்கள், முடியாவிட்டால் வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

மான் கிடைத்ததும் பெயர், தேதி, நேரம், கவுண்டி எழுதிய சீட்டை அங்கேயே கட்டுங்கள். மறுநாள் நண்பகலுக்குள் கைபேசிச் செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணையும் சீட்டில் எழுத வேண்டும். உடனே குடலை எடுத்து உடலைத் திறந்து வையுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் பகல் வெயில் 25 டிகிரி செல்சியஸைத் தொடும். 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவராவிட்டால் இறைச்சி கெட்டுவிடும், எனவே வண்டியில் பனிக்கட்டியோடு பெட்டி தயாராக இருக்க வேண்டும். இவ்வளவு செங்குத்தான நிலத்தில் முழு மானை இழுத்து வருவது பெரும் பாடு. துண்டுகளாக்கி முதுகுப் பையில் சுமப்பது எளிது, ஆனால் அதற்கு முன் எந்த நிலையில் எதைப் பிரிக்கலாம் என்ற விதியைப் பாருங்கள்.

வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் எலும்பு நீக்கிய இறைச்சியாகக் கொண்டுபோங்கள். மானின் மூளையிலும் தண்டுவடத்திலும் சேரும் சி.டபிள்யூ.டி. என்ற நோய், ஒஹாயோவின் காட்டு மான்களில் 2020 இறுதியில் வயன்டாட் கவுண்டியில் முதலில் கண்டறியப்பட்டது. தென்கிழக்கு மலைகளிலிருந்து அது தூரம்தான். ஆனாலும் தலையும் முதுகெலும்பும் எல்லை தாண்டுவதைப் பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. கொம்பு வேண்டுமென்றால் மூளையை முழுக்க அகற்றிச் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் புறப்படுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.